வாசகர் கேள்வி: வாக்களித்த பிறகு என்ன செய்வது?

கேள்வி: எங்கள் ஈரச்சந்தைக்கு எதிரே, அம்மா கைத்தடியுடன் சாலையைப் பாதி கடப்பதற்குள் பச்சை விளக்கு சிமிட்டத் தொடங்கிவிடுகிறது. தேர்தலில் வாக்களிப்பதைத் தவிர, இதுபோன்ற ஒன்றை மாற்ற என்னைப் போன்ற சாதாரணக் குடிமகளால் என்ன செய்ய முடியும்?
– வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

பதில்: நிறையச் செய்ய முடியும், சகோதரி. 21 வயதில் கிடைக்கும் வாக்குரிமை நம் நாட்டில் கடமையும்கூட. ஆனால் அந்த ஒரு நாளோடு தம் பங்கு முடிந்துவிட்டதாகப் பலரும் எண்ணிவிடுவதுதான் எனக்கு வருத்தம் தருகிறது.

உங்கள் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் மக்களைச் சந்திக்கும் மாலையில், எண் சீட்டை வாங்கிக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் காத்திருப்போரில் பலர் வீட்டு வாடகைக்காகவோ அபராதத்துக்காகவோ வந்திருப்பார்கள். ஊருக்குப் பொதுவான குறையையும் அங்கே கொண்டுபோகலாம். தொண்டூழியர் தட்டச்சு செய்யும் கடிதம் உரிய அரசாங்க அமைப்புக்குச் செல்லும்; முடிவெடுப்பது அந்த அமைப்புதான் என்பதால், கடிதத்தில் என்ன இருக்கிறது என்பதே முக்கியம். ஆகவே ஒரு வாரம் அக்கம்பக்கத்தார் ஓரிருவரோடு காலையில் அங்கே நின்று, பச்சை விளக்கு எத்தனை விநாடி எரிகிறது, அதற்குள் கடக்க முடியாமல் தவிக்கும் முதியவர்கள் எத்தனை பேர் என்று குறித்துக்கொள்ளுங்கள். கேட்பதையும் திட்டவட்டமாகக் கேளுங்கள். மூத்தோர் தங்கள் சலுகை அட்டையைத் தட்டினால் கூடுதல் விநாடிகள் தரும் ‘கிரீன் மேன் பிளஸ்’ கருவி 2009 முதலே சிங்கப்பூரில் இருக்கிறது. உங்கள் சாலைச் சந்திப்பில் அது இல்லையென்றால், அதைப் பொருத்தும்படி எழுதச் சொல்லுங்கள்.

வரும் பதில் நிறைவளிக்காவிட்டால், இதை நாடாளுமன்றத்தில் கேள்வியாக எழுப்புமாறு உறுப்பினரைக் கோரலாம். அமைச்சரின் பதில் அதிகாரபூர்வமாகப் பதிவாகும். சட்டமே மாற வேண்டுமென்றால், உறுப்பினர் ஒருவர் வழியாக நாடாளுமன்றத்துக்கு மனு அளிக்கவும் இடமுண்டு.

எண்ணிக் குறித்த கணக்குக்கு உள்ள வலிமையை நான் நம்புவதற்குச் செக் ஜாவாவே காரணம். புலாவ் உபின் தீவின் கிழக்கு முனையிலுள்ள அந்தக் கடற்கரையில், கடலைத் தூர்த்து நிலமாக்கும் நிலமீட்புப் பணி நடக்கவிருந்த நிலையில், 2001இல் ஆய்வாளர்களுடன் சாதாரணத் தொண்டூழியர்களும் கடல்நீர் வற்றும் நேரங்களில் இறங்கி, அங்கு வாழும் உயிரினங்களைக் கணக்கெடுத்து அரசாங்கத்திடம் அறிக்கை கொடுத்தார்கள். பொதுமக்கள் கடிதங்கள் எழுதினார்கள். அவ்வாண்டு டிசம்பரில் பணி ஒத்திவைக்கப்பட்டது. 2007இல் திறக்கப்பட்ட நடைபாலத்தில் நின்று அந்தக் கரையை நாம் இன்றும் பார்க்கலாம்.

ஆங்கிலத்தில் எடுத்துச் சொல்ல வராதே என்ற தயக்கம் வேண்டாம். நாடாளுமன்றத்திலேயே தமிழில் பேசலாம் என்னும்போது, தமிழ் தெரிந்த தொண்டூழியர் இருக்கிறாரா என்று கேட்பதில் கூச்சம் எதற்கு? அம்மாவையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். விளக்கு மாறும்போது நடுச்சாலையில் நிற்பது எப்படியிருக்கிறது என்பதை அவரே சொல்லட்டும்.