மட்டக்களப்பு வெயிலில் ஹீற்றர் கோர் மாற்றிய ஆள் நான்தான்

கேள்வி: பழைய சன்னி காரில் இடப்பக்கம் கால் வைக்கும் இடம் நனைந்துகொண்டே இருக்கிறது. ஹீற்றர் கோர் ஒழுகுகிறதாம். புதிது போடுவதா, இரண்டு ஹோஸையும் ஒன்றாக இணைத்துவிட்டு மறந்துவிடுவதா?

இதை எங்கள் ஊரில் யாரிடம் கேட்டாலும் முதலில் ஒரு சிரிப்பு வரும். “மட்டக்களப்பில ஹீற்றரா?” அந்தச் சிரிப்பை ஒரு மாதம் கேட்டவன் நான். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நீங்கள் கல்முனையோ அக்கரைப்பற்றோ, எப்படியும் ஃபேன் போட்டும் தூக்கம் வராத கரைப்பக்கம்தான் இருப்பீர்கள். ஹீற்றர் குமிழை ஒருநாளும் திருப்பியிருக்க மாட்டீர்கள். திருப்பாவிட்டாலும் டாஷ்போர்ட்டுக்குப் பின்னால் ஹீற்றர் கோர் என்கிற அந்தக் குட்டி ரேடியேற்றர் இருக்கிறது. பல கார்களில் எஞ்சின் தண்ணி அந்த இரண்டு ஹோஸ் வழியாக எந்நேரமும் அதற்குள் ஓடும். வால்வ் வைத்து மூடுகிற கார்களில் உள்ளே தேங்கி நிற்கும். எப்படியானாலும் உள்ளிருந்து அரித்துக்கொண்டுதான் இருக்கும்.

முதலில் அது கோர்தானா என்று பாருங்கள். என்னுடையது 1992 கொரோல்லா. 2023இல் இதே மாதிரி நனைந்தது. முதல் கராஜில் ஏசித் தண்ணி வெளியே போகிற குழாய் அடைத்திருக்கிறது என்று ஊதிவிட்டுக் காசு வாங்கினார்கள். ஒரு கிழமை கழித்து மறுபடியும் ஈரம். இரண்டாவது இடத்தில் ஹெட் கேஸ்கட் என்றார்கள். எஞ்சினைத் திறக்கச் சம்மதிக்க இருந்தேன். அன்று இரவு வீட்டில் கார்ப்பெட்டைத் தூக்கி விரலால் தொட்டுப் பார்த்தால் வழுவழுவென்று பச்சையாக ஒட்டுகிறது, இனிப்பு மணம் வேறு. அது கூலன்ட், எஞ்சினை ஆற்றுகிற தண்ணியில் கலக்கிற திரவம். ஏசித் தண்ணிக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது, பிசுபிசுப்பும் கிடையாது. முன்கண்ணாடியின் உள்பக்கம் எண்ணெய் பூசியதுபோல ஒரு படலம் இருந்தது. சாம்பிராணிப் புகை என்று மனைவி அதைத் துடைத்துத் துடைத்து அலுத்துப்போயிருந்தாள். இவ்வளவையும் பார்க்கக் காசு செலவழிக்கத் தேவையில்லை, ஒரு விரல் போதும்.

ஏன் அரித்தது என்றால், குற்றம் என்மீதுதான். வீட்டில் குடிப்பது உன்னிச்சைக் குளத்திலிருந்து வருகிற குழாய்த் தண்ணி. காருக்கு மட்டும் வாவிக்கரைக் கிணற்றுத் தண்ணி, உப்பு. கூலன்ட் கொஞ்சம், கிணற்றுத் தண்ணி மிச்சம் என்று வருடக்கணக்கில் ஊற்றினால் எந்த உலோகம் தாங்கும்?

இனி உங்கள் கேள்வி. ஹோஸை இணைத்துவிடுவது பிழை என்று நான் சொல்லவில்லை. (இப்படிச் சொன்னதாக நினைத்து யாராவது சண்டைக்கு வருவார்கள், அதற்காக முன்கூட்டியே.) கையில் காசு இல்லையென்றால் தாராளமாக அதையே செய்யுங்கள். ஆனால் இரண்டு முனையையும் தனித்தனியாக அடைக்க வேண்டாம், ஒன்றோடொன்று சேர்த்து வளைத்து விடுங்கள். சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடாகும்வரை தண்ணியை ரேடியேற்றருக்கு விடாத வால்வ்) மூடியிருக்கும்போது தண்ணி சுற்றுவதற்கு அந்த வழியும் வேண்டும். மஞ்சள் தூள் போட்டால் ஓட்டை அடைக்கும் என்று ஒருவர் சொல்வார். அடைக்கும், ரேடியேற்றரையும் சேர்த்து.

நான் ஏன் இணைக்காமல் புதிதாகப் போட்டேன்? 2019இல் கொழும்பிலிருந்து மனைவி, பிள்ளைகள், பின்சீட்டில் மாமியோடு வந்துகொண்டிருந்தேன். வெலிக்கந்தை தாண்டி, புணானைப் பக்கம், மங்கல் நேரம். ரோட்டோரம் ஆனை. முன்னால் ஏழெட்டு வாகனம் நிற்கிறது. ஓடும்வரை காற்றில் சமாளித்த எஞ்சின், நின்றதும் சூடேறத் தொடங்கியது. ரேடியேற்றர் ஃபேன் மோட்டார் செத்துப்போனது அப்போதுதான் தெரிந்தது. முள் சிவப்பை நெருங்குகிறது. ஆனைக்கு முன்னால் எஞ்சினை நிறுத்த மனம் வரவில்லை, இறங்கி பொனெட் திறப்பதைப் பற்றிப் பேச்சே இல்லை. ஏசியை நிறுத்தி, ஹீற்றரை முழுச் சூட்டில் வைத்து, புளோவரைக் கடைசி இலக்கத்துக்குத் திருப்பினேன். எஞ்சின் சூடு முழுக்க எங்கள் முகத்தில் அடித்தது. மாமி கேட்டார்: “மருமகன், இது காரா, பாண் போறணையா?” முள் மெல்ல இறங்கியது. வாழைச்சேனை வரை அப்படியே வந்து சேர்ந்தோம். அன்றிலிருந்து ஹீற்றர் எனக்கு இரண்டாவது ரேடியேற்றர். சிரிக்கிறவர்கள் அந்த ரோட்டில் இருட்டுகிற நேரம் ஒருதரம் நின்று பார்க்கட்டும்.

கோர் கொழும்பில் பழைய வாகனச் சாமான் விற்கிற பஞ்சிகாவத்தையிலிருந்து எடுப்பித்தேன், கழற்றின சாமான். வாங்கியவுடன் பூட்டாதீர்கள். டயர்க் கடையில் ஒரு வாயை அடைத்து, மற்ற வாயால் கொஞ்சமாகக் காற்று விட்டு, தண்ணி வாளிக்குள் அமுக்கிப் பாருங்கள். குமிழி வந்தால் திருப்பி அனுப்புங்கள். முதலில் வந்ததை நான் அப்படித்தான் அனுப்பினேன்.

பூட்டுகிற வேலையில் கோர் சின்னது, டாஷ்போர்ட்தான் பெரியது. எனக்கும் மெக்கானிக் பாஸுக்கும் இரண்டு நாள் போனது. கழற்றின ஸ்குரூவை முட்டை அட்டையின் குழிகளில் வரிசைப்படி போட்டோம். எந்தக் குழி எந்த இடம் என்று என் மகள் பென்சிலால் எழுதினாள். முப்பது வருட பிளாஸ்டிக், தொட்டாலே உடையும். இரண்டு கிளிப் உடைந்தது. பழைய ஹோஸ் இறுகியிருந்தால் முறுக்கி இழுக்க வேண்டாம், பிளேட்டால் நீளவாக்கில் கீறி உரியுங்கள். முறுக்கினால் கோரின் குழாய் நெளியும். ரேடியேற்றர் மூடியை எஞ்சின் ஆறிய பிறகுதான் திறக்க வேண்டும், அது உங்களுக்குத் தெரிந்திருக்கும். கூலன்ட் நிரப்பும்போது குமிழ் சூட்டுப் பக்கமே இருக்கட்டும், இல்லாவிட்டால் உள்ளே காற்று சிறைப்படும். வடித்த கூலன்டைச் சட்டியில் திறந்து வைக்காதீர்கள். இனிப்பு என்று பூனையோ நாயோ நக்கினால் செத்துப்போகும்.

இவ்வளவு செய்வதற்குப் புதுக் கார் வாங்கலாமே என்பவர்களுக்கு: 2020 மார்ச்சில் இறக்குமதியை நிறுத்தினார்கள், 2025 பெப்ரவரியில் திறந்தார்கள். இப்போது விலையைக் கேட்டுப் பாருங்கள், பிறகு பேசலாம்.

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். எங்கள் ஒழுங்கையில் யார் வீட்டுக் கலியாணமென்றாலும் என் கார்தான். பெற்றோல் முள் கீழே விழுந்து, சீட்டெல்லாம் மல்லிகை இதழோடு திரும்பி வரும். பூட்டிய மறுநாளே ஒரு கலியாணத்துக்குக் கொண்டுபோனார்கள். குமிழ் சூட்டுப் பக்கம் இருந்ததை நான் சொல்ல மறந்துவிட்டேன், அவர்களும் பார்க்கவில்லை. கோட் போட்ட மாப்பிள்ளை கல்லடி வரை அந்தச் சூட்டிலேயே போயிருக்கிறார். “உங்கட ஏசி பழுது, பார்த்துச் செய்யுங்க” என்று சாவியை நீட்டினார்கள். பெற்றோல் அடிக்கவில்லை.