செயற்கை நுண்ணறிவு வேலையையும் தொழிலையும் தலைகீழாக மாற்றிவிடும் என்பதை ஏன் சிலர் நம்புவதில்லை?

சந்தேகப்படுபவர்களில் பெரும்பாலோர் தொழில்நுட்பமே பொய் என்று சொல்லவில்லை. அது எவ்வளவு சீக்கிரம், எவ்வளவு ஆழமாக வேலைகளை மாற்றும் என்பதில்தான் அவர்களுக்குக் கேள்வி. எனக்கும் அந்தப் பக்கம்தான் நியாயம் அதிகம் தெரிகிறது.

செயற்கை நுண்ணறிவு ஆராய்ச்சியின் முன்னோடிகளில் ஒருவரான ஜெஃப்ரி ஹின்டன் 2016-ல், கதிரியக்க மருத்துவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதையே நிறுத்திவிடலாம், ஐந்து ஆண்டுகளில் கணினி அவர்களை மிஞ்சிவிடும் என்றார். இன்றும் பல நாடுகளில் அவர்களுக்குப் பற்றாக்குறைதான். ஸ்கேன் படம் பார்ப்பது அந்த வேலையின் ஒரு பகுதி மட்டுமே. நோயாளியின் பழைய வரலாற்றைப் பார்க்க வேண்டும், மற்ற மருத்துவர்களோடு பேச வேண்டும், அறிக்கையில் கையெழுத்துப் போட்டுப் பொறுப்பேற்க வேண்டும். ஒரு பணியை இயந்திரத்திடம் கொடுப்பது வேறு, வேலையையே ஒழிப்பது வேறு. இந்த வித்தியாசத்தைப் பலர் கவனிப்பதே இல்லை.

பொறுப்பு என்பதும் சின்ன விஷயமில்லை. கனடாவின் விமான நிறுவனமான ஏர் கனடாவின் சாட்பாட் (கேள்விகளுக்குத் தானாகப் பதில் தரும் நிரல்) ஒரு பயணிக்குக் கட்டணச் சலுகை பற்றித் தவறான தகவல் தந்தது. 2024-ல் அங்குள்ள தீர்ப்பாயம், நிறுவனமே இழப்பீடு தர வேண்டும் என்றது. ஒவ்வொரு பதிலையும் ஓர் ஆள் சரிபார்க்க வேண்டுமென்றால், மிச்சமாகும் நேரத்தில் கணிசமான பங்கு அதிலேயே போய்விடும்.

அப்புறம் கணக்கு. நோபல் பரிசு பெற்ற பொருளாதார அறிஞர் டாரன் அசெமோக்லு, 10 ஆண்டுகளில் அமெரிக்காவின் மொத்த உற்பத்தித்திறன் செயற்கை நுண்ணறிவால் 1 சதவீதத்துக்கும் குறைவாகவே உயரும் என்று 2024-ல் மதிப்பிட்டார். சரி, இதை முடிவான தீர்ப்பாக எடுத்துக்கொள்ளலாமா? கூடாது. கணினிகளால் உற்பத்தித்திறன் உயர்ந்ததாகப் புள்ளிவிவரத்தில் காணோமே என்று 1987-ல் பொருளாதார அறிஞர் ராபர்ட் சோலோ கேட்டார். ஆனால் தாமதமாக, 1990-களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் அந்த உயர்வு வந்தது.