இன்ஜின் ஒரு கம்பெனி, கியர்பாக்ஸ் வேறு கம்பெனி: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: டீசல் இன்ஜின் ஒன்றில் வேறு கம்பெனியின் ஐந்து கியர் பாக்ஸை அடாப்டர் பிளேட் (இரண்டையும் இணைக்கும் இடைத்தகடு) போட்டுப் பூட்டினேன். போல்ட்டெல்லாம் சுலபமாக ஏறின. ஆனால் ஓடும்போது கியர் தானாகக் கழன்றுவிடுகிறது. கியரில் போட்டு நிறுத்திக் கிளட்சை மிதித்தால் கீச்சென்று சத்தம். பாக்ஸ் பழுதா?

பதில்: பாக்ஸைப் பிரித்துவிடாதீர்கள். முதலில் சென்டரை, அதாவது இன்ஜினின் கிராங்கும் பாக்ஸுக்குள் சுழற்சியைக் கொண்டுசெல்லும் இன்புட் ஷாஃப்டும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா என்பதைப் பாருங்கள். கியரில் நிற்கும்போது கிளட்சை மிதித்தால் கிராங்க் சுற்றும், இன்புட் ஷாஃப்ட் நிற்கும். இன்புட் ஷாஃப்டின் நுனியைக் கிராங்கின் முனையில் தாங்கும் பைலட் பேரிங்குக்கு அப்போதுதான் வேலை. மிதிக்கும்போது கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்கும் அப்போது கத்தலாம். ஆனால் கூடவே கியரும் கழல்வதால் சென்டர் மீதுதான் சந்தேகம் வலுக்கிறது. போல்ட் ஏறிவிட்டது என்பதற்காகச் சென்டர் சரி என்று நம்பக் கூடாது. போல்ட் துளையில் எப்போதும் ஆட்டம் இருக்கும். போல்ட் இறுக்கிப் பிடிக்க மட்டும்தான். இடத்தை நிர்ணயிப்பவை இரண்டு டவல் பின்கள், அதாவது துளையில் ஆட்டமின்றிப் பொருந்தும் உருளை ஊசிகள். அட்டையில் துளைகளை அச்செடுத்துப் பிளேட் வெட்டினால் பெரும்பாலும் இந்தக் கோளாறுதான் வரும்.

சோதிக்கும் முறை இது. கிளட்சைக் கழற்றிவிட்டு, அடாப்டர் பிளேட்டையும் பெல் ஹவுசிங்கையும் (கிளட்சை மூடும் கூடு) மட்டும் இன்ஜினில் பூட்டுங்கள். டயல் கேஜின் (நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் அளவி) காந்த அடியைக் கிராங்கின் பின்முனையில் உள்ள ஃப்ளைவீலில் ஒட்டி, முனையைப் பாக்ஸ் வந்து உட்காரும் துளையின் உள்சுவரில் வையுங்கள். கிராங்கைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். மிக அதிகம், மிகக் குறைவு இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதிதான் உண்மையான விலகல். கேஜ் மொத்தம் 0.60 மி.மீ. காட்டினால் சென்டர் 0.30 மி.மீ. தள்ளியிருக்கிறது. விலகல் 0.13 மி.மீ.க்குள், அதாவது கேஜ் 0.25 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் இரு பாதியும் ஒரே சென்டரில் இல்லாத எக்சென்ட்ரிக் டவல் பின்களை ஒரே திசை பார்த்துப் போட்டுத் திருத்தலாம். இல்லையேல் டவல் துளையை அடைத்துப் புதிதாகத் துளைக்க வேண்டும். பிறகு முனையைப் பெல் ஹவுசிங்கின் பின்முகத்தில் வைத்து, கிராங்கை ஒரே பக்கம் தள்ளிப் பிடித்தபடி சுற்றிப் பாருங்கள். முகம் சாய்ந்திருந்தாலும் இன்புட் பேரிங் தேயும்.

பாக்ஸும் பெல் ஹவுசிங்கும் ஒரே வார்ப்பாக இருந்தால், இன்புட் ஷாஃப்டைக் கழற்றிவிட்டு அதன் பேரிங் துளையைச் சென்டராக வைத்து மில்லிங் மெஷினில் டவல் அளவுகளை எடுப்பதே நம்பகமான வழி.

கேள்வி: 16 மி.மீ. தடிமனில் அடாப்டர் பிளேட் செய்கிறோம். வேறு எதை மாற்ற வேண்டும்?

பதில்: பாக்ஸ் 16 மி.மீ. பின்னால் போகிறது, அதனோடு இன்புட் ஷாஃப்டின் மூக்கும் (நுனி) ரிலீஸ் பேரிங்கும் போகும். பாக்ஸின் பெல் ஹவுசிங்கில் ஸ்டார்ட்டர் பூட்டுவதாக இருந்தால் அதுவும் போகும், ஸ்டார்ட்டரின் பல்சக்கரமான பினியன், ஃப்ளைவீலைச் சுற்றியுள்ள ரிங் கியரை எட்டாது. ஸ்டார்ட்டர் இன்ஜின் பக்கமே இருந்தால் ஃப்ளைவீலை நகர்த்தாமல், மூக்குக்கு மட்டும் நீளமான கன்மெட்டல் பைலட் புஷ் கடைந்து போடுங்கள். கிராங்கில் அடித்து இறக்கியதும் புஷ்ஷின் உள்துளை சற்றுச் சுருங்கும். ஆகவே அடித்த பிறகே அளந்து ரீமர் (துளையைச் சரியான அளவுக்குச் சீவும் கருவி) போடுங்கள். கிளட்ச் பிளேட்டின் ஹப் முழுவதும் இன்புட் ஷாஃப்டின் ஸ்ப்ளைன் (நீளவாக்குப் பற்கள்) மேல் உட்கார்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பாதி ஸ்ப்ளைனில் ஓடும் பிளேட் பல்லைத் தின்றுவிடும்.

கேள்வி: கிளட்ச் எந்த இன்ஜினுக்குரியதாக இருக்க வேண்டும்?

பதில்: ஃப்ளைவீலும், கிளட்ச் பிளேட்டை அதன் மீது அழுத்தும் பிரஷர் பிளேட்டும் இன்ஜினுடையவை. கிளட்ச் பிளேட்டின் நடு ஹப் மட்டும் பாக்ஸுடையது. பாக்ஸின் ஸ்ப்ளைன் பல் எண்ணிக்கை, வெளிவிட்டம் இரண்டையும் எண்ணி, அளந்து, உங்கள் பிரஷர் பிளேட்டின் விட்டத்தில் அந்த ஹப் உள்ள பிளேட்டைத் தேடுங்கள். ஹப் ஸ்பிரிங் ஃப்ளைவீல் போல்ட் தலையில் உரசாமல் இருக்கிறதா என்று கையால் சுற்றிப் பார்த்த பின்பே மூடுங்கள்.

கேள்வி: பாக்ஸை ஏற்றும்போது 5 மி.மீ. இடைவெளி நிற்கிறது. போல்ட்டை இறுக்கி இழுத்துவிடலாமா?

பதில்: கூடாது. கிளட்ச் பிளேட் சென்டரில் இல்லாமல் இருக்கலாம், அல்லது ஷாஃப்ட் மூக்கு கிராங்கில் முட்டியிருக்கலாம். முட்டியபடி இறுக்கினால் கிராங்க் முன்னால் தள்ளப்பட்டு, கிராங்கின் முன்பின் நகர்வைத் தாங்கும் திரஸ்ட் பேரிங் மீது ஓயாத அழுத்தம் விழும். அது சீக்கிரமே தேய்ந்து இன்ஜினையே பிரிக்க வைக்கும். மூக்கின் நுனியில் சிறிது களிமண் ஒட்டி, பாக்ஸை மறுபடி கையால் தள்ளிக் கழற்றிப் பாருங்கள். களிமண் நசுங்கிய தடிமனிலிருந்து நின்ற இடைவெளியைக் கழித்தால் கிடைப்பதுதான் பூட்டிய பிறகு மிஞ்சும் இடம். அது 3 மி.மீ.க்குக் குறைந்தால் மூக்கைக் கடைந்து குறையுங்கள். பாக்ஸைப் பூட்டுமுன் கிராங்கின் முன்பின் ஆட்டத்தை டயல் கேஜில் குறித்து வைத்து, பூட்டிய பின் கிராங்க் புல்லியில் கேஜை வைத்து மறுபடி பாருங்கள். இரண்டும் ஒன்றாக இல்லாதவரை இன்ஜினை ஸ்டார்ட் செய்யாதீர்கள்.