ஒரு நாள் சென்னைப் பயணம்: காரை எங்கே விடுவது?

தாம்பரத்தில் குடியிருக்கிறேன். இருபது வருடம் டிராவல்ஸ் கார் ஓட்டினேன். காலையில் வந்து இரவே ஊர் திரும்ப நினைப்பவர்கள் கேட்ட கேள்விகளும், எனக்குத் தெரிந்த பதில்களும் இவை.

திண்டிவனத்திலிருந்து: தீபாவளிக்குத் துணி எடுக்க ஐந்து பேர் காரில் தி.நகர் வருகிறோம். பாண்டி பஜாரில் பார்க்கிங் கிடைக்குமா அண்ணா?

தணிகாசலம் சாலை முனையில் மாநகராட்சியின் அடுக்குமாடி கார் நிறுத்தம் இருக்கிறது. சாதாரண நாளில் கடை திறக்கும் நேரத்துக்கே போய்விட்டால் கவலையில்லை. தீபாவளிக்கு முந்தைய சனி, ஞாயிறுகளில் அதை நம்பிக் கிளம்பாதீர்கள். இடமே இருந்தாலும் அதுவரை போய்ச் சேர வேண்டுமே! ஒருமுறை நானே சலித்துப்போய், சந்துக்குள் ஒரு வீட்டு கேட்டை ஒட்டி நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனேன். வந்து பார்த்தால் வண்டி இல்லை, இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். தப்பு என்னுடையதுதான். ஆனால் பாதி நாள் போச்சு.

நீங்கள் செங்கல்பட்டு ரயில் நிலையத்தில் காரை விட்டுவிட்டு எலக்ட்ரிக் டிரெயினில் ஏறுங்கள். பரனூர் சுங்கச்சாவடி செங்கல்பட்டைத் தாண்டித்தான் வருகிறது, போக வர அந்தக் கட்டணமும் மிச்சம். சென்னைக் கடற்கரை நிலையம் போகும் வண்டிகள் பல அங்கிருந்தே புறப்படுவதால் உட்கார இடம் கிடைக்கும். தி.நகருக்கு இறங்க வேண்டிய மாம்பலத்துக்கு ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம். இறங்கியதும் ரங்கநாதன் தெரு நெரிசலில் மாட்டாமல் ஆகாய நடைபாதையில் ஏறிவிடுங்கள். 2023 மே மாதம் திறந்தது, 570 மீட்டர் நீளம், தி.நகர் பேருந்து நிலையத்தில் கொண்டுபோய் விடும்.

திரும்பும்போது ஒன்றைக் கவனியுங்கள். மாம்பலத்தில் வரும் வண்டிகளில் பெரும்பாலானவை தாம்பரத்தோடு நின்றுவிடும். பலகையில் செங்கல்பட்டு என்று இருந்தால் மட்டும் ஏறுங்கள். 2025 ஏப்ரல் முதல் ஏசி மின்சார ரயிலும் ஓடுகிறது, சாதாரண டிக்கெட்டோடு அதில் ஏறினால் அபராதம்.

அதே திண்டிவனத்துக்காரர்: ஞாயிற்றுக்கிழமை வந்தால் கூட்டம் குறையுமா?

ரோட்டில் காலையில் குறையும். ஆனால் ஞாயிறு அட்டவணையில் மின்சார ரயில்கள் குறைவு, தண்டவாள வேலைக்காகச் சில வண்டிகளை நிறுத்தியும் விடுவார்கள். சாயங்காலம் ஊரிலிருந்து சென்னை திரும்பும் கூட்டத்தால் நீங்கள் வந்து போகும் ஜி.எஸ்.டி. சாலை நிரம்பும். நல்லவேளை, நீங்கள் எதிர்த்திசை. உங்களுக்கு ஆகாதது, எல்லாரும் ஊருக்குக் கிளம்பும் வெள்ளி மாலை.

வேலூரிலிருந்து: சேப்பாக்கத்தில் இரவு கிரிக்கெட் மேட்ச். நண்பர்கள் நாலு பேர், கார்தான். மைதானத்துக்கு எவ்வளவு பக்கத்தில் நிறுத்தலாம்?

பக்கத்தில் நிறுத்த ஆசைப்பட்டால் மேட்ச் முடிந்ததும் அதே அளவு சிக்குவீர்கள் தம்பி. பூந்தமல்லி, மதுரவாயல் வழியாகக் கோயம்பேடு வந்து, மெட்ரோ நிலைய பார்க்கிங்கில் விடுங்கள். பச்சை வழித்தடத்தில் சென்ட்ரல், அங்கே நீல வழித்தடத்துக்கு மாறி அடுத்த நிலையமே அரசினர் தோட்டம். அங்கிருந்து வாலாஜா சாலையில் நடந்தால் மைதானம். கூட்டத்தோடு கூட்டமாக நடப்பதும் ஒரு சுகம்தான்.

மெட்ரோ வழக்கமாக இரவு 11 மணி வரை. மேட்ச் நாட்களில் நீட்டிப்பது வழக்கம் என்றாலும் அன்றைய அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வண்டியை விடும்போதே, நடுராத்திரி வந்து எடுக்க முடியுமா என்று பார்க்கிங் ஆளிடம் கேட்டுவிடுங்கள். காரோட்டப் போகிறவருக்கு மதியம் ஒரு தூக்கம் அவசியம்.

கடலூரிலிருந்து: அமெரிக்கத் தூதரகத்தில் மகளுக்குக் காலை 8 மணிக்கு விசா நேர்காணல். விடியற்காலை கிளம்பினால் சரியாக இருக்குமா ஐயா?

வேண்டாம் அம்மா. வழியில் ஒரு லாரி கவிழ்ந்தாலும் பல மாதம் காத்திருந்து வாங்கிய தேதி போய்விடும். முந்தின இரவே வந்து தங்குங்கள். இந்த ஒரு வேலைக்கு மட்டும் நான் ஒரு நாள் பயணம் சொல்ல மாட்டேன்.

தூதரகம் ஜெமினி மேம்பாலத்தை ஒட்டி இருக்கிறது, அந்தப் பக்கம் நிறுத்த முடியாது. கிண்டி பக்கம் தங்கினால் காரை அங்கேயே விட்டுவிட்டு மெட்ரோவில் ஏ.ஜி.-டி.எம்.எஸ். நிலையத்தில் இறங்கி ஆட்டோ பிடியுங்கள். உள்ளே செல்போன் எடுத்துப்போகக் கூடாது. காரும் தூரத்தில் இருப்பதால் போனையும் பையையும் வைத்துக்கொண்டு வெளியே நீங்கள் நிற்கத்தான் வேண்டும். எங்கே சந்திப்பது என்று முன்கூட்டியே பேசி வையுங்கள், வெளியே வந்த பிள்ளை உங்களுக்கு போன் போட முடியாது.

புதுச்சேரியிலிருந்து: கிழக்குக் கடற்கரைச் சாலையில் வருகிறோம். கபாலீஸ்வரர் கோவில், அப்புறம் மெரினா. அப்பாவுக்கு முழங்கால் வலி.

அப்பா இல்லையென்றால் திருவான்மியூரில் காரை விட்டுப் பறக்கும் ரயில் என்றிருப்பேன். அந்த வழியில் திருமயிலை, கலங்கரை விளக்கம், திருவல்லிக்கேணி எல்லாமே வரிசையாக வரும். ஆனால் அந்த நிலையங்கள் உயரத்தில் இருக்கின்றன, படி அதிகம், எல்லா இடத்திலும் லிஃப்டை நம்ப முடியாது. முழங்கால் வலிக்காரருக்குக் காரே மேல். கோவில் வாசலில் அவரையும் துணைக்கு ஒருவரையும் இறக்கிவிட்டு நீங்கள் மட்டும் இடம் தேடுங்கள். காலை ஏழுக்குள் மயிலாப்பூர் வந்துவிட்டால் மாட வீதிகளில் மூச்சுவிட முடியும். மெரினாவில் சர்வீஸ் ரோட்டை ஒட்டிக் கட்டண நிறுத்தம் இருக்கிறது.

காஞ்சிபுரத்திலிருந்து: நானும் அம்மாவும் பஸ்ஸில் வருகிறோம். சென்னைக்குள் சுற்ற எது மலிவு?

பெண்களுக்கு மாநகரப் பேருந்து இலவசம். சாதாரணக் கட்டணப் பேருந்துதானா என்று மட்டும் பார்த்து ஏறுங்கள், டீலக்ஸிலும் ஏசியிலும் காசு உண்டு. மெட்ரோ 10 ரூபாயிலிருந்து 50 வரை. 2025 செப்டம்பரில் வந்த ‘சென்னை ஒன்’ செயலியில் பஸ், மெட்ரோ, மின்சார ரயில் மூன்றுக்கும் ஒரே இடத்தில் டிக்கெட் எடுக்கலாம்.

செய்யாறிலிருந்து: பைக்கை மெட்ரோ நிலையத்தில் விட்டால் ஹெல்மெட்டை என்ன செய்வது?

பூட்டிவிட்டுப் போங்கள். மழை மாதத்தில் கவிழ்த்து மாட்டுங்கள், நான் ஒருமுறை ஈர ஹெல்மெட்டோடு மேல்மருவத்தூர் வரை போயிருக்கிறேன்.