லெஃபெவ்ரை இன்னும் மேற்கோள் காட்டலாமா?

கேள்வி: முதுகலை வரலாறு படிக்கிறேன். பிரெஞ்சுப் புரட்சி பற்றிய ஆய்வேட்டில் பிரெஞ்சு வரலாற்றாசிரியர் ஜார்ஜ் லெஃபெவ்ரை நிறைய மேற்கோள் காட்டியிருக்கிறேன். "அவர் மார்க்சியர், அவர் சொன்னதெல்லாம் எப்போதோ அடிபட்டுப் போச்சு" என்கிறார்கள் உடன் படிப்பவர்கள். எடுத்துவிடட்டுமா?

பதில்: எடுக்காதீர்கள். அடிபட்டது எது, நிற்பது எது என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

அடிபட்டது அவருடைய பெரிய விளக்கம். வளர்ந்து வந்த முதலாளி வர்க்கம் பழைய மன்னராட்சியைச் சாய்த்ததுதான் 1789 புரட்சி என்றார். புரட்சியின் தேசியச் சபையில் உட்கார்ந்திருந்தவர்களில் ஆலை முதலாளிகள் எத்தனை பேர், வக்கீல்களும் அரசு உத்தியோகஸ்தர்களும்தானே அதிகம் என்று 1950களில் லண்டனில் வரலாற்றாசிரியர் ஆல்ஃபிரட் கோபன் கேட்டார். 1978இல் பிரெஞ்சு வரலாற்றாசிரியர் பிரான்சுவா ஃபூரே, வர்க்கத்தை விட்டு அரசியல் சிந்தனையைப் பாருங்கள் என்று விவாதத்தையே திருப்பிவிட்டார். அந்த அடியிலிருந்து பழைய விளக்கம் முழுசாக எழுந்திருக்கவில்லை.

ஆனால் லெஃபெவ்ரின் ஆவண உழைப்பு வேறு. பல வருடம் பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டே வட பிரான்சின் நிலப் பதிவேடுகளைத் துருவி, வட பகுதி விவசாயிகள் பற்றிய முனைவர் பட்ட ஆய்வை 1924இல் முடித்தார். அப்போது அவருக்கு வயது 50!

1932இல் வந்த 'பெரும் அச்சம்' நூலைக் கட்டாயம் படியுங்கள். 1789 ஜூலையில், பிரபுக்கள் கொள்ளைக்காரர்களை ஏவிவிட்டார்கள் என்று ஒரு புரளி. அது எந்த ஊரில் கிளம்பியது, எந்தப் பாதையில் போனது, யார் வாய்வழியாகப் போனது என்று ஊர் ஊராகப் பின்தொடர்கிறார். ஷாம்பெயின் வட்டாரத்தில் கொள்ளையரைத் துரத்திப் போன கூட்டம் கடைசியில் கண்டது மேய்ச்சல் மந்தையை. வேறு சில இடங்களிலோ, திரண்ட விவசாயிகள் மாளிகைக்குள் புகுந்து பிரபுவுக்குத் தாங்கள் கட்டவேண்டிய பாக்கிகள் பதிந்த ஏடுகளைக் கொளுத்தினார்கள். ஆகஸ்ட் 4 இரவு பிரபுக்களே சபையில் எழுந்து சலுகைகளை விட்டுக்கொடுத்ததற்கு இந்த நெருப்பு ஒரு பெரிய காரணம்.

இன்னொன்று. விவசாயிகள் நடத்தியது தனிப் புரட்சி, அது விவசாயத்தில் நுழைந்த முதலாளித்துவத்தையும் எதிர்த்தது என்று எழுதியவரும் இவரே. 'மார்க்சியர்' என்ற ஒற்றைச் சொல்லில் இவரை எப்படி அடைப்பது?

ஆகவே கிராமம், புரளி, நிலவரி பற்றி எழுதும் பக்கங்களில் லெஃபெவ்ரைத் தயங்காமல் காட்டுங்கள். புரட்சிக்கு மூலகாரணம் என்ன என்று எழுதும் பக்கத்தில் மட்டும் கோபனையும் ஃபூரேயையும் பக்கத்திலேயே வையுங்கள். அதை அடிக்குறிப்பில் ஒதுக்காமல் உரைக்குள்ளேயே எழுதுங்கள்.