டயரின் பிறந்த தேதி எங்கே இருக்கிறது?

கேள்வி: ஐந்து ஆண்டு ஓடிய கார் ஒன்றைச் சென்ற மாதம் வாங்கினேன். நான்கு டயர்களையும் மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். இப்போதுள்ள டயரில் 185/65 ஆர் 15 88 எச் என்று இருக்கிறது. கடைக்காரரோ, ‘195/65 போடுங்கள், பிடிப்பு நன்றாக இருக்கும், பழைய இருப்பு என்பதால் விலையும் குறைத்துத் தருகிறேன்’ என்கிறார். வாங்கலாமா? டயரில் 51 பி.எஸ்.ஐ. என்றும் அச்சாகியிருக்கிறது, நான் 33தான் வைக்கிறேன். அது தவறா? — சேலம் வாசகர்

பதில்: முதலில் அந்த 51-ஐ முடித்துவிடுவோம். அதை நம்பி யாரும் காற்றடித்துவிடக் கூடாது. அது அந்த டயர் தாங்கக்கூடிய உச்ச அழுத்தம். உங்கள் காருக்கான அளவு அல்ல. ஒரே டயர் பல கார்களில் மாட்டப்படுகிறது, ஆகவே உங்கள் காருக்கு எவ்வளவு என்று டயர் சொல்லவே முடியாது. அதைச் சொல்வது ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர். அதில் 33 என்று இருந்தால் 33தான். குடும்பத்தோடு மூட்டை முடிச்சுகளை ஏற்றிக்கொண்டு போகும்போது எவ்வளவு என்பதும் பெரும்பாலும் அதிலேயே தனியாக இருக்கும்.

அந்த அளவு, வண்டி ஓடாமல் குளிர்ந்திருக்கும் நிலைக்கானது. காலையில் பக்கத்து பெட்ரோல் பங்குக்குப் போய்ப் பார்ப்பதே சரி. ‘சித்திரை வெயில், இரண்டு பாயிண்ட் குறைத்து வையுங்கள்’ என்று சொல்பவர்கள் நம் ஊரில் ஏராளம். தயவுசெய்து கேட்காதீர்கள். ஓடும்போது சூட்டில் அழுத்தம் ஏறும் என்பதைக் கணக்கில் வைத்தே ஸ்டிக்கரில் எண் போட்டிருக்கிறார்கள். காற்றைக் குறைத்தால் டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கி நிமிரும். அதனால் சூடு இன்னும் ஏறும். கோடையில் நெடுஞ்சாலையில் டயர் வெடிப்பதற்குக் காற்றுக் குறைவு முக்கியமான காரணம்.

இனி அந்த நீண்ட எண். 185 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது பக்கச் சுவரின் உயரம். ஆனால் மில்லிமீட்டர் அல்ல, அகலத்தில் 65 சதவீதம், அதாவது சுமார் 120 மி.மீ. ஆர் என்றால் ரேடியல், டயருக்குள் இழைகள் அமைந்திருக்கும் முறை. 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். எச் வேகக் குறியீடு: மணிக்கு 210 கி.மீ. வரை. டி (T) என்றால் 190, வி என்றால் 240. ‘நம் சாலையில் 210-இல் யார் போகப் போகிறார்கள்?’ என்று தோன்றும். ஆனால் இந்த எழுத்து, தொடர் ஓட்டத்தின் சூட்டை டயர் எவ்வளவு தாங்கும் என்பதையும் உணர்த்துகிறது. கார் நிறுவனம் குறித்த எழுத்துக்குக் கீழே இறங்காதீர்கள்.

கடையில் யாரும் பேசாத எண் 88. இது கிலோ அல்ல, எடைக் குறியீடு. 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும். உங்கள் டயரைப் போலவே கண்ணுக்குத் தெரியும் 185/60 ஆர் 15-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதில் வழக்கமாக 84 இருக்கும்: 500 கிலோ. நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து 240 கிலோ தாங்குதிறன் போய்விடும். பிரேக் போடும்போது முன் டயர்கள் மீது எடை சாய்கிறதே, அப்போதைக்கான கையிருப்புதான் இப்படிக் குறைகிறது.

உங்களுக்குச் சொன்ன 195/65-இல் எடைச் சிக்கல் இல்லை. அதில் 91, அதாவது 615 கிலோ. சிக்கல் உயரத்தில். உங்கள் சக்கரத்தின் மொத்த விட்டம் சுமார் 621 மி.மீ.; இது 634 ஆகும். இரண்டு சதவீதம் பெரிது. அதனால் வேக மீட்டர் இப்போது காட்டுவதைவிட இரண்டு சதவீதம் குறைத்துக் காட்டும். ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பினால் உள்ளே உரசவும் கூடும். ரிம்மின் அகலம் 5 அங்குலம்தான் என்றால் இந்த டயர் அதற்குப் பொருந்தாது. பிடிப்புக்காக அகலம் கூட்டியே ஆக வேண்டுமென்றால் 195/60 ஆர் 15 நெருங்கி வரும். அதுவும் ரிம் இடம் கொடுத்தால்தான். என்னைக் கேட்டால், 185/65-ஐயே போடுங்கள்.

இதைவிட என்னை உறுத்துவது, கடைக்காரர் சொன்ன ‘பழைய இருப்பு’. டயரில் டி.ஓ.டி. (DOT) என்று தொடங்கும் ஒரு வரி இருக்கும். அதன் கடைசி நான்கு எண்கள்தான் பிறந்த தேதி. 3521 என்றால் 2021-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரம், அதாவது ஆகஸ்ட் கடைசி. இந்த நான்கு எண்களும் பல டயர்களில் ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கும். அந்தப் பக்கம் வண்டிக்கு உள்ளே திரும்பியிருந்தால் டார்ச்சோடு குனிந்துதான் பார்க்க வேண்டும்.

2022-இல் விராலிமலை தாண்டி என் மைத்துனரின் கார் பஞ்சரானது. ஸ்டெப்னியை எடுத்தோம். ஒருநாளும் மாட்டாத டயர். மேலே ரப்பர் முடிகூட உதிரவில்லை, பட்டன், அதாவது சாலையில் படும் ரப்பர் கட்டங்கள், முழுதாக இருந்தது. செல்போன் வெளிச்சத்தில் பார்த்தால் 1212. 2012 மார்ச்! கட்டை விரலால் பட்டனை அழுத்தி விரித்தபோது, பள்ளத்தின் அடியில் வறண்ட கண்மாய் மண்ணைப் போல மெல்லிய வெடிப்புகள். நாற்பது கி.மீ. வேகத்துக்கு மேல் போகாமல் அடுத்த ஊர் வரை ஊர்ந்து போய் மாற்றினோம். ஓடாவிட்டாலும் ரப்பருக்கு வயதாகிறது. காற்றிலுள்ள ஆக்சிஜனும் சூடும் அதை இறுக்கிக்கொண்டே இருக்கின்றன. பட்டனை மட்டும் பார்த்து டயரின் வயதைச் சொல்லவே முடியாது.

ஆகவே தயாரித்து ஓராண்டுக்குள் இருக்கும் டயரைக் கேளுங்கள். இரண்டைத் தாண்டியிருந்தால், எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் நான் வாங்கமாட்டேன். மாட்டி ஐந்து ஆண்டு ஆனபின் ஆண்டுக்கொரு முறை சோதனை தேவை. தயாரித்துப் பத்தாண்டு ஆனால், பட்டன் எப்படி இருந்தாலும் மாற்றிவிட வேண்டும். ஆறாண்டு என்றே சொல்லும் கார் நிறுவனங்களும் உண்டு. உங்கள் வண்டியின் ஸ்டெப்னியையும் இன்றே பாருங்கள்.

மற்றவை சுருக்கமாக: ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்க வேண்டும். டயரின் ஓரத்தில் டி.டபிள்யூ.ஐ. (TWI) என்றோ சிறு முக்கோணமோ இருக்கும். அதற்கு நேரே பள்ளத்தில் ஒரு மேடு தெரியும். பட்டன் அந்த மேட்டுக்குச் சமமாகத் தேய்ந்தால் 1.6 மி.மீ.தான் மிச்சம், அதுவே சட்டத்தின் எல்லை. மழைக்காலத்தில் நான் அதுவரை காத்திருப்பதில்லை. அம்புக்குறி இருந்தால் வண்டி முன்னே போகும்போது சக்கரம் சுழலும் திசை அதுவாகவே இருக்க வேண்டும்.

மாட்டுவதற்கு முன் நான்கு டயரின் தேதியையும் நீங்களே படித்து, பில்லில் எழுதி வாங்குங்கள். வெளிப்பக்கம், உள்பக்கம் என்ற குறிப்போ அம்புக்குறியோ இல்லாத டயர் என்றால், தேதி உள்ள பக்கத்தை வெளியே வைத்து மாட்டச் சொல்லுங்கள். அடுத்த முறை டார்ச் தேட வேண்டியிருக்காது.