"உயிருக்குப் போராடும் குழந்தை, உடனே பகிருங்கள்" என்று வரும் செய்தி உண்மையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் தேதியைத் தேடுங்கள். "நாளை அறுவை சிகிச்சை" என்று இருக்கும், எந்த நாளைக்கு மறுநாள் என்று இருக்காது. வாட்ஸ்அப்பில் இரட்டை அம்புக்குறி தெரிந்தால் அது ஐந்து கைகளாவது மாறி வந்திருக்கிறது; எழுதியவரை உங்களுக்கு அனுப்பியவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

"ஒவ்வொரு பகிர்வுக்கும் இவ்வளவு பணம் கிடைக்கும்" என்றிருந்தால் சோதனையே வேண்டாம், பொய். பகிர்வை எண்ணிப் பணம் தரும் ஏற்பாடு வாட்ஸ்அப்பில் இல்லை.

செய்தியில் உள்ள படத்தை, படத்தை வைத்தே தேடும் கூகுள் லென்ஸில் போடுங்கள். பழைய படத்தை இடவலமாகத் திருப்பிப் போடுவது மோசடிக்காரர்களின் வழக்கம். ஒன்றும் கிடைக்காவிட்டால் நீங்களும் திருப்பி மறுபடி தேடுங்கள். மருத்துவமனைக்குப் பேசும்போது செய்தியில் உள்ள எண்ணை அழைக்காதீர்கள், அது மோசடிக்காரரின் எண்ணாகவே இருக்கலாம். மருத்துவமனையின் சொந்த இணையதளத்தில் எண்ணை எடுங்கள். நோயாளியின் விவரம் சொல்ல மாட்டார்கள். ஆனால் செய்தியில் சொல்லும் பெயரில் அங்கே மருத்துவர் இருக்கிறாரா, பணம் அனுப்பச் சொல்லும் வங்கிக் கணக்கு மருத்துவமனையுடையதா என்று கேட்கலாம்.

உண்மையான வேண்டுகோளும் காலாவதியாகும், இதைப் பலர் யோசிப்பதில்லை. 1989-இல் இங்கிலாந்தில் புற்றுநோய் வந்த ஒரு சிறுவனுக்காக வாழ்த்து அட்டைகள் கேட்டார்கள். 1990-இல் கின்னஸ் சாதனை, 1991-இல் அறுவை சிகிச்சை வெற்றி. அட்டைகளோ அதன்பின்னும் ஆண்டுக்கணக்கில் குவிந்தன. சரிபார்த்துப் பகிர்ந்தாலும், சரிபார்த்த தேதியை மேலே எழுதுங்கள். தேவை முடிந்ததும் உங்கள் பதிவை நீக்குங்கள்.